பாவித்த கார்: கேட்கும் விலையும் உண்மைப் பெறுமதியும்



கண்டிப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். மூன்று பிள்ளைகளின் பாடசாலைப் பயணத்துக்கும், சுகமில்லாத மாமியாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்கும் ஒரு சிறிய கார் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கணவர் அனுப்பிய சேமிப்பு போதாது. மீதிக்கு இவருடைய நகைகளை விற்க வேண்டும். கணவரின் தம்பி ஒரு கார் சேலில் 2016ஆம் ஆண்டு சுசுகி வேகன் ஆர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். விலை 68 இலட்சம் ரூபா. "ஹாஜியார் நம்மட ஆள்தான் மதினி, ஏமாத்த மாட்டார். வேற ஒருத்தர் நாளைக்கே அட்வான்ஸ் கட்டப் போறாராம்" என்று அவசரப்படுத்துகிறாராம்.

சகோதரி கேட்பது இரண்டு கேள்விகள். "இந்த விலை நியாயமானதா என்று வீட்டில் இருக்கும் நான் எப்படி அறிவது? வியாபாரி அளவுக்கு மேல் இலாபம் வைத்தால் மார்க்கத்தில் அது கூடுமா?"

இரண்டும் நல்ல கேள்விகள். ஒரு பெண்ணின் நகை என்பது பல வருடப் பாதுகாப்பு. அது ஒரே நாளில் இரும்பாகவும் டயராகவும் மாறப் போகிறது. ஆகவே இரண்டாவது கேள்வியைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, முதலாவதை விரிவாகப் பார்ப்போம்.

இலாபத்துக்கு எல்லை உண்டா?

இத்தனை வீதத்துக்கு மேல் இலாபம் எடுக்கக் கூடாது என்று ஷரீஅத் ஓர் எண்ணைக் குறிக்கவில்லை. உர்வா அல்பாரிகீ (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கி வர ஒரு தீனாரைக் கொடுத்தார்கள். அவர் அந்தக் காசுக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டோடும் ஒரு தீனாரோடும் திரும்பி வந்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் கிடைக்க நபியவர்கள் துஆச் செய்தார்கள். புகாரியில் பதிவான சம்பவம் இது. இலாபம் கூடியது என்பதற்காக மட்டும் ஒரு வியாபாரம் ஹராமாகி விடுவதில்லை.

அதே நபியவர்கள், கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். பிரச்சினை இலாபத்தில் இல்லை, மறைப்பதில்தான் இருக்கிறது என்பது இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

ஆகவே "ஹாஜியார் இதை எவ்வளவுக்கு எடுத்திருப்பார்?" என்று தேடிக் கொண்டிருப்பது வீண் வேலை. பேரம் பேசி வாங்கும் சாதாரண வியாபாரத்தில் கொள்விலையைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. முராபஹா என்ற முறையில், இத்தனைக்கு வாங்கினேன், இத்தனை இலாபம் வைக்கிறேன் என்று அவரே சொல்லி விற்றால் மட்டும் அந்தக் கொள்விலை உண்மையாக இருக்க வேண்டும். நீங்கள் தேட வேண்டியவை இரண்டு. இதே போன்ற கார் இன்று சந்தையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது? இந்தக் காரில் மறைந்திருக்கும் குறை என்ன?

பிழையான அளவுகோல்கள்

நமது வீடுகளில் விலையை அளக்கப் பாவிக்கப்படும் சில அளவுகோல்கள் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டு போகும்.

முதலாவது, "புதிதாக வந்தபோது இதன் விலை இவ்வளவுதானே" என்பது. நமது நாட்டில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, டொலர் ஒன்று சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலே போனது. புதிய வாகனம் வராததாலும், வந்தாலும் கட்டுப்படியாகாது என்பதாலும், நாட்டில் ஏற்கெனவே ஓடிய கார்கள் தாம் வாங்கப்பட்ட விலையை விடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனாலும் சுங்க வரி, அதன் மேல் மிகை வரி, எஞ்சின் அளவைப் பொறுத்த உற்பத்தி வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கடுக்காக வரிகள் இருப்பதால் பழைய விலைகள் திரும்பி வரவில்லை. எனவே அன்றைய விலையைச் சொல்லி இன்றைய விற்பனையாளரைக் குற்றம் பிடிக்க முடியாது.

இரண்டாவது, "மாசம் எழுபதாயிரம்தான் கட்ட வேண்டும்" என்பது. தவணைத் தொகை காரின் விலை அல்ல. இதைப் பின்னர் பார்ப்போம்.

மூன்றாவது, "நம்மட ஆள்" என்பது. நமது சமூகத்தில் நேர்மையான வாகன வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நேர்மை என்பது ஒருவரின் தொப்பியிலோ ஊரிலோ இல்லை. நனைந்த தானியத்தை விற்றவரும் மதீனாவின் கடைத்தெருவில் இருந்தவர்தான். நல்ல வியாபாரி உங்கள் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சோதித்துப் பார்க்க இடம் தருவதே அவருடைய நற்பெயருக்குச் சாட்சி.

கொப்பியும் பேனையும்

சந்தை விலையை அறியப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு கொப்பி போதும்.

அதே கார், அதே உற்பத்தி ஆண்டு, அதே வகை. இவை மூன்றும் பொருந்தும் பத்து விளம்பரங்களை ஞாயிறு பத்திரிகைகளிலும் இணையத்திலும் தேடி எழுதிக் கொள்ளுங்கள். வேகன் ஆரிலேயே பல வகைகள் உண்டு. எப்.எக்ஸ். என்பதும் ஸ்டிங்ரே என்பதும் ஒரே விலைக்குப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர், கேட்கும் விலை ஆகியவற்றைக் குறியுங்கள்.

கணக்கை விளக்க ஓர் உதாரணம் தருகிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே; இவற்றை இன்றைய சந்தை விலையாக எடுத்துக் கொள்ள வேண்டாம். பத்து விளம்பரங்களின் விலைகள் இலட்சத்தில் 58, 62, 64, 65, 65, 67, 67, 68, 69, 76 என்று வைத்துக் கொள்வோம். மிகக் குறைந்த 58ஐயும் மிகக் கூடிய 76ஐயும் வெட்டி விடுங்கள். மிகக் குறைந்த விலையின் பின்னால் பெரும்பாலும் விபத்தோ கடனோ இருக்கும். மிகக் கூடிய விலை யாரோ ஒருவரின் ஆசை. மீதி எட்டின் நடுவில் நிற்பவை 65, 67. ஆகவே நடு விலை 66 இலட்சம்.

இது கேட்கும் விலை. கைமாறும் விலை இதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த எட்டுப் பேரில் மூன்று பேருக்குத் தொலைபேசியில் கதைத்து, "காசு கையில் இருந்தால் கடைசி விலை என்ன?" என்று கேளுங்கள். எல்லோரும் சுமார் இரண்டு இலட்சம் இறங்குகிறார்கள் என்றால் சந்தை விலை 64 இலட்சம்.

இன்னுமொரு வழியும் உண்டு. வேறு ஊரில் உள்ள ஒரு கார் சேலில், "இப்படியான கார் ஒன்று வந்தால் நீங்கள் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டாம். விலை விசாரிக்கிறேன் என்று நேரடியாகவே சொல்லுங்கள். வியாபாரி எடுக்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். கடை வாடகை, ஊழியர் சம்பளம், முடங்கிக் கிடக்கும் முதல், கழுவிப் பழுதுபார்த்த செலவு, அவருடைய குடும்பத்தின் பிழைப்பு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அந்த இடைவெளியை அநியாயம் என்று எண்ணாதீர்கள். ஆனால் அவர் கேட்கும் விலை, தனி ஆட்கள் கேட்கும் விலையையும் தாண்டி நின்றால், அதற்கு ஈடாக அவர் என்ன தருகிறார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மூன்று மாத எழுத்து உத்தரவாதம் தருகிறாரா? பெயர் மாற்றத்தை அவரே செய்து தருகிறாரா? வாய்ச்சொல்லுக்கு விலை இல்லை, எழுத்துக்கு உண்டு.

குறைகளைக் காசாக மாற்றுதல்

64 இலட்சம் என்பது அந்த ஆண்டுக்கான சராசரியான ஒரு காரின் விலை. உங்கள் முன் நிற்கும் காரின் விலை அதன் நிலையைப் பொறுத்தது. இங்கேதான் நம்பிக்கையான ஒரு மெக்கானிக் தேவை. கார் சேலோடு தொடர்பு இல்லாத ஒருவரைத் தேடி, அவருக்குரிய கூலியைக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். பல இலட்சம் கொடுக்கும் இடத்தில் சில ஆயிரங்களை மிச்சம் பிடிப்பது சிக்கனம் அல்ல. வாகன மதிப்பீட்டாளரின் எழுத்து மூல அறிக்கையும் பெறலாம். இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்புகள் இதைச் செய்கின்றன.

மெக்கானிக் வருவதற்கு முன் நீங்களே பார்க்கக் கூடியவை பல உண்டு. பகல் வெளிச்சத்தில், மழை பெய்யாத நேரத்தில் செல்லுங்கள். நனைந்த பெயின்ட் எல்லாக் கோடுகளையும் மறைத்து விடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1219 என்றால் 2019ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். பூ நன்றாகத் தெரிந்தாலும் வயதான டயர் இறுகி வெடித்திருக்கும். நான்கையும் மாற்ற என்ன செலவு என்று டயர் கடையில் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

கதவுகளுக்கும் பொனட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பொனட்டைத் திறந்து, மட்காட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலையில் சாவி பட்ட தழும்பு உண்டா என்று கவனியுங்கள். கதவு ரப்பரில் பெயின்ட் துளி ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் மீண்டும் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே கொம்பனியின் அடையாளம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சிறிய கீறலுக்கு பெயின்ட் அடிப்பது பெரிய குற்றமல்ல. செஸியே வளைந்து நிமிர்த்தப்பட்ட கார் என்றால் விலை பேசாமல் திரும்பி விடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருவெள்ளத்திலும் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. அவை கழுவப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரக் கூடும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அது பொய் சொல்லாது. கால் விரிப்பைத் தூக்கி அடியில் ஈரம் உண்டா, ஆசனத்தின் இரும்புத் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா, முன் விளக்கின் உள்ளே புகார் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். காரினுள் வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணத்தால் அது எதை மறைக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இன்றைய கார்களின் மின் இணைப்புகள் நீர் பட்டால் மாதங்கள் கழித்தும் பழுதாகும்.

எஞ்சினை நீங்கள் வரும் முன்னரே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போதுதான் நோய் தெரியும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது. பின்னர் ஓடிப் பார்த்து, ஏற்றத்தில் எடுக்கும்போது கார் நடுங்குகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். கண்டிப் பகுதியில் ஏற்றத்துக்குக் குறைவில்லையே!

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் பெரிய பெட்டரிதான் தலையாய பிரச்சினை. அதைக் கணினியில் ஸ்கேன் செய்யாமல் டொயோட்டா அக்வா, பிரியஸ் போன்றவற்றின் விலையைப் பேசவே கூடாது. நிசான் லீப் காரில் மீட்டர் பலகையில் பெட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 சிறு கட்டங்கள் இருக்கும். பழுதான பெட்டரியை மாற்றும் செலவு மிகப் பெரியது. மேலே எத்தனை பளபளப்பு இருந்தாலும் காரின் விலை பெட்டரியோடுதான் ஏறி இறங்கும்.

மீட்டரின் கதை

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த காராக இருந்தால், அங்கே ஏலத்தில் விற்கப்பட்டபோது எழுதப்பட்ட ஏல அறிக்கையைக் கேளுங்கள். அதில் தர எண், அன்று ஓடியிருந்த கிலோமீட்டர், எந்தப் பக்கத்தில் கீறல், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பன குறிக்கப்பட்டிருக்கும். தர எண் நான்கோ நான்கரையோ என்றால் நல்ல நிலை. எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் விபத்தில் திருத்தப்பட்ட கார் என்று பொருள்.

மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது இன்று கணினியால் சில நிமிட வேலை. ஆகவே மீட்டரை மட்டும் பார்க்காமல் அதன் சாட்சிகளைப் பாருங்கள். 50,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரின் பிரேக் மிதி ரப்பர் தேய்ந்து வழுக்குமா? ஸ்டியரிங் தோல் உரிந்திருக்குமா? சாரதி ஆசனம் குழி விழுந்திருக்குமா? சேவைப் புத்தகத்திலும், எண்ணெய் மாற்றியபோது ஒட்டிய அட்டையிலும் உள்ள இலக்கங்கள் மீட்டரோடு ஒத்துப் போகின்றனவா?

பால் கறக்கும் ஆட்டின் மடியைச் சில நாட்கள் கட்டி வைத்து, நிறையப் பால் தருவது போலக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்கு மூன்று நாட்கள் வரை அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். மீட்டரைத் திருப்புவது இன்றைய மடி கட்டுதல்தான்.

பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழ் என்ற சி.ஆர். புத்தகத்தின் மூலப் பிரதியைக் காணாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். உற்பத்தி ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் வெவ்வேறாக இருக்கலாம். 2018இல் பதியப்பட்ட 2016 மாதிரியை "பதினெட்டுக் கார்" என்று சொல்வார்கள். விலையை உற்பத்தி ஆண்டைக் கொண்டே கணக்கிடுங்கள். செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். லீசிங் கொம்பனி முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால் அந்தக் கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். முன்னைய உரிமையாளர்களின் எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்கும்.

உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரும் திகதியும் எழுதாமல் கைமாறும் 'ஓபன் பேப்பர்' காரை எடுக்காதீர்கள். இடையில் யாரிடம் இருந்தது, என்ன விபத்து, என்ன தண்டப் பணம் என்று எதுவும் தெரியாது. பதிவில் உள்ள உரிமையாளர் மௌத்தாகி விட்டால் வாரிசுகளைத் தேடி அலைய நேரிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றப்படும் வரை பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதாக முன்கூட்டியே உடன்பட்டுக் கொள்ளுங்கள்.

கணக்கை முடிப்போம்

உதாரணக் காரைச் சோதித்ததில் டயர்கள் நான்கும் மாற்ற 1 இலட்சம், ஷொக் அப்சோபரும் கியர் எண்ணெயும் 75,000, குளிரூட்டி வேலை 25,000 ரூபா தேவைப்படுகிறது என்று வைப்போம். ஒரு கதவும் மட்காட்டும் திருத்தி பெயின்ட் அடிக்கப்பட்டுள்ளன. நாளை நீங்கள் விற்கும்போதும் இதைச் சொல்லியே விற்க வேண்டும் என்பதால், அதற்கு ஒன்றரை இலட்சம் கழியுங்கள். மொத்தக் கழிவு 3.5 இலட்சம். 64இல் இதைக் கழித்தால் 60.5 இலட்சம். வியாபாரி மூன்று மாத உத்தரவாதத்தை எழுத்தில் தந்தால் அதற்கு 1 இலட்சம் கூட்டுங்கள். ஆக 61.5 இலட்சம் உங்கள் உச்ச விலை.

கேட்ட விலை 68. வித்தியாசம் 6.5 இலட்சம். அது எத்தனை பவுண் நகை என்று சகோதரியே கணக்குப் பார்க்கட்டும். இந்தக் கொப்பியை வியாபாரியின் முன் வைத்துப் பேசுங்கள். "கொஞ்சம் குறைங்க ஹாஜியார்" என்று கெஞ்சுவதை விட, "டயருக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு" என்று சொல்வது கண்ணியமானது. நாமும் இல்லாத குறையை இட்டுக்கட்டி விலையைக் குறைக்கக் கூடாது. நேர்மை இரு தரப்புக்கும் உரியது.

அவர் இறங்கி வராவிட்டால் சலாம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நாட்டில் வேகன் ஆர் அது ஒன்று மட்டுமல்ல.

மார்க்கம் தரும் பாதுகாப்பு

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வாங்குபவருக்கு உள்ள சில உரிமைகளைச் சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது.

ஒன்று: மூன்று நாட்கள் வரை பார்த்து முடிவு செய்யும் நிபந்தனையோடு வாங்கலாம். ஒப்பந்தம் செய்யும்போதே இதைச் சொல்லிக் கொள்ள வேண்டும்.

இரண்டு: விற்பதற்கு முன்பே இருந்து, மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரிய வந்தால் காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் குறை தெரிந்தவுடன் தாமதியாமல் அறிவிக்க வேண்டும். தெரிந்த பிறகும் ஓட்டிக் கொண்டிருந்தால் உரிமை போய்விடும். அதே வேளை, கண்ணுக்குத் தெரிந்த கார், ஏமாற்றும் இல்லை, விலை மட்டும் கூடிவிட்டது என்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை இல்லை. விலையை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்று: "இருக்கிற நிலையில் எடுங்கள், பிறகு நான் பொறுப்பில்லை" என்று சொல்லி விற்பதால், தெரிந்தே மறைத்த குறையிலிருந்து விற்றவர் தப்ப முடியாது.

நான்கு: வாங்காவிட்டால் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையோடு கொடுக்கும் அட்வான்ஸ் நமது மத்ஹபில் கூடாது. ஹன்பலி மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. எப்படியாயினும் மெக்கானிக் பார்க்கும் முன் அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பதே புத்தி.

ஐந்து: வாங்கும் எண்ணமில்லாத ஒருவரைக் கொண்டு விலையை ஏற்றுவது 'நஜ்ஷ்' என்று தடுக்கப்பட்டது. "நாளைக்கே ஒருவர் வருகிறார்" என்பது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பொய்யென்றால் பாவம் அவருக்கு. அவசரப்பட்டால் நட்டம் உங்களுக்கு.

தவணையில் வாங்கினால்

61.5 இலட்சத்தில் 31.5ஐக் கையில் கொடுத்து, 30 இலட்சத்துக்கு ஐந்து வருட லீசிங் போடுகிறார்கள் என்று வைப்போம். வருட வட்டி 14 வீதம் என்றால் மாதத் தவணை சுமார் 69,800 ரூபா. 60 மாதங்களில் கட்டுவது 41,88,000 ரூபா. அப்படியானால் கார் உங்களுக்கு 73 இலட்சத்துக்கு மேல் விழுகிறது. வட்டியின் பாவம் ஒருபுறமிருக்க, பேரம் பேசி மிச்சம் பிடித்த அத்தனையும் அங்கே போய்விடுகிறது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் முராபஹா, இஜாரா முறைகளில் வட்டி இல்லை. என்றாலும் அங்கும் மாதத் தொகையைப் பார்க்காமல் முடிவில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். ஹலால் என்பதற்காக விலை விசாரிக்காமல் விட வேண்டியதில்லை.

நகை யாருடையது?

கடைசியாக, சகோதரி கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மஹராகவோ அன்பளிப்பாகவோ உங்களுக்குக் கிடைத்த நகை உங்கள் சொத்து. கணவருக்கோ அவருடைய தம்பிக்கோ அதில் அதிகாரம் இல்லை. நீங்கள் மனமொப்பிக் கொடுத்தால் அது நன்மை. கொடுக்கும்போது அது அன்பளிப்பா, கடனா, காரில் ஒரு பங்கா என்பதைக் கணவரோடு தொலைபேசியில் கதைத்து முடிவு செய்து எழுதிக் கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்கும்படி குர்ஆனே கட்டளையிடுகிறது. அப்படி எழுதுவது அவநம்பிக்கை அல்ல. நகையை எடை பார்த்து, விற்ற விலையையும் குறித்து வையுங்கள். பெரும் பகுதி உங்கள் பணம் என்றால் காரை உங்கள் பெயரிலேயே பதியச் சொல்வதில் தவறில்லை.

ஆக, கடிதம் எழுதிய சகோதரிக்கு எனது பதில் இதுதான். 68 இலட்சம் நியாயமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரத்தில் உங்களால் சொல்ல முடியும். அந்த ஒரு வாரத்துக்கு நகையை அலுமாரியிலேயே வைத்துப் பூட்டுங்கள். கணவரின் தம்பியோடு கோபிக்க வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் ஓடித் திரிகிறார். அவரிடமே கொப்பியைக் கொடுத்து, "தம்பி, இந்தப் பத்துக் காரின் விலையையும் விசாரித்துத் தாங்க" என்று சொல்லுங்கள். ஹாஜியார் உண்மையிலேயே நல்லவராக இருந்தால் ஒரு வாரமும் ஒரு மெக்கானிக்கும் அவருக்குப் பாரமாக இருக்காது.

அல்லாஹ் உங்கள் வாகனத்திலும், அதற்குக் கொடுக்கும் பணத்திலும், அதில் செல்லும் பிள்ளைகளிலும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.